பேஸ்மென்ட்டில் ஊற்று, சம்ப்பில் சாக்கடை வாடை: கிரவுட்டிங் அடித்தால் நிற்குமா?

கேள்வி: எங்களுடையது வேளச்சேரியில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. கட்டி பத்து வருடம் ஆகிறது. பேஸ்மென்ட்டில் கார் பார்க்கிங். ஐப்பசி, கார்த்திகை வந்தால் சுவரும் தரையும் சேரும் இடத்தில் தண்ணீர் ஊற ஆரம்பிக்கிறது. முதலில் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தோம். கொப்புளம் விட்டு உரிந்துவிட்டது. போன வருடம் மழை நேரத்திலேயே ஒருவர் வந்து சுவரில் துளை போட்டு, பி.யு. (பாலியூரித்தேன்) கெமிக்கலை உள்ளே செலுத்தி கிரவுட்டிங் அடித்தார். அன்றைக்கே நின்றது. இந்த மழைக்கு அதே இடத்தில் மறுபடியும் வருகிறது, இரண்டு அடி தள்ளிப் புதிதாகவும் வருகிறது. இப்போது ஒருவர் எபாக்ஸிதான் நிரந்தரம் என்கிறார், இன்னொருவர் சிமென்ட் கிரவுட்டே போதும் என்கிறார். சுவரை ஒட்டி 12,000 லிட்டர் கான்கிரீட் சம்ப் இருக்கிறது. கோடையில் அதில் தண்ணீர் காரணமில்லாமல் குறைகிறது, மழையில் லேசாகச் சாக்கடை வாடை வருகிறது. அதற்கும் சேர்த்து அடித்துவிடலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.
— அசோசியேஷன் செயலாளர், வேளச்சேரி

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சம்ப் விஷயம் காத்திருக்கக் கூடாது. அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க, பல் துலக்க, குழந்தைகளைக் குளிப்பாட்டப் பயன்படுத்துவதை இன்றே நிறுத்தச் சொல்லி 24 வீட்டுக்கும் தகவல் அனுப்புங்கள். ஒரு பாட்டிலில் பிடித்துத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து ஈ கோலை (மலத்திலிருந்து வரும் கிருமி) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களே தருவார்கள், அதில்தான் பிடிக்க வேண்டும்.

கோடையில் குறைவதும் மழையில் வாடை வருவதும் பெரும்பாலும் ஒரே விரிசலின் வேலைதான். வெளியே நிலத்தடி நீர் கீழே இருக்கும்போது சம்ப்பிலிருந்து தண்ணீர் வெளியே போகிறது. மழையில் நீர்மட்டம் சம்ப்பில் உள்ள தண்ணீரைவிட மேலே ஏறினால் அதே வழியாக உள்ளே வருகிறது. பக்கத்தில் இருக்கும் சாக்கடைச் சேம்பரின் செங்கல் சுவர் ஒழுகினால், உள்ளே வருவது வெறும் மழைத்தண்ணீராக இருக்காது. ஃப்ளூரசின் என்ற பச்சைச் சாயம் லேப் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். அதைச் சேம்பரில் கரைத்து ஊற்றிவிட்டு இரண்டு நாள் சம்ப்பைப் பாருங்கள். பச்சை தெரிந்தால் சந்தேகமே இல்லை. தெரியாவிட்டால் கவலையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மண் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அப்போது லேப் ரிப்போர்ட்டைத்தான் நம்ப வேண்டும். சேம்பரைச் சரிசெய்யாமல் சம்ப்பை மட்டும் அடைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். நாளைக்கு இன்னொரு மயிரிழை விரிசல் வந்தால் சாக்கடை அங்கேயே தயாராக நின்றுகொண்டிருக்கும்.

அதற்காக இந்த மழையில் அவசரப்பட்டுச் சம்ப்பை முழுதாகக் காலி செய்துவிடாதீர்கள். சுற்றிலும் மண் நீரில் ஊறிக் கிடக்கும்போது காலித் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தூக்கும். 12,000 லிட்டர் தொட்டி என்றால், வெளியே நீர் மேல்மட்டம் வரை நிற்கையில் அந்தத் தூக்கு விசை 12 டன்னுக்கும் அதிகம். நல்ல கனமான கான்கிரீட் தொட்டி தாங்கிவிடும். அடித்தளம் மெலிசாக இருந்தால் நடுவில் வெடிக்கும், அப்புறம் பிரச்சினை கிரவுட்டிங்கைத் தாண்டிப் போய்விடும். தொட்டியில் இறங்கும் வேலை நீர்மட்டம் இறங்கிய பிறகுதான்.

இனி பேஸ்மென்ட்.

பெயின்ட் ஏன் உரிந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். பேஸ்மென்ட் தரை தெருவிலிருந்து 3 மீட்டர் கீழே இருக்கிறது, மழையில் நிலத்தடி நீர் தெருவுக்கு அரை மீட்டர் கீழே வந்து நிற்கிறது என்று வையுங்கள். சுவரின் அடியில் 2.5 மீட்டர் உயர நீர். ஒவ்வொரு சதுர மீட்டரையும் 2.5 டன் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. உள்பக்கம் அடித்த பெயின்ட்டை அந்த நீர் பின்னாலிருந்து தள்ளி உரித்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் மெல்லிய பெயின்ட்டின் கதி இதுதான். வெளிப்பக்கத்தைத் தோண்டி மெம்பிரேன் (நீர்புகா விரிப்பு) ஒட்ட இப்போது இடமும் இல்லை. அதனால் சுவரின் உடம்புக்குள்ளேயே நீர் வரும் வழியை அடைப்பதற்காகத்தான் இந்த இன்ஜெக்‌ஷன் முறை.

தண்ணீர் ஏன் எப்போதும் சுவரும் தரையும் சேரும் இடத்தையே பிடிக்கிறது? அடித்தளமான ராஃப்ட் கான்கிரீட்டை முதலில் போட்டு, சில நாள் கழித்துத்தான் அதன்மேல் சுவரை எழுப்புவார்கள். பழைய கான்கிரீட்டின் மேல் படியும் சிமென்ட் பாலைக் கொத்தி எடுக்காமல், மரத்தூளும் கம்பித் துண்டும் கிடக்க அப்படியே அடுத்த கான்கிரீட்டை ஊற்றினால் அந்த ஜாயின்ட் ஒட்டவே ஒட்டாது. நடுவில் வைக்க வேண்டிய, தண்ணீரைத் தடுக்கும் பட்டையான வாட்டர் ஸ்டாப்பரை வைக்காமலே விட்டிருப்பார்கள், அல்லது கான்கிரீட் விழும்போது அது மடங்கிக் கிடக்கும். அதோடு வைப்ரேட்டர் சுவரின் அடி வரை எட்டாமல் ஜல்லி மட்டும் தனியாக நிற்கும் ஹனிகோம்பும் சேர்ந்துகொண்டால், மழைக்கு மழை ஊற்றுதான்.

சரி, போன வருட வேலைக்கு என்ன ஆனது? உங்கள் மூன்றாவது படத்தில் பழைய துளையின் வாயில் வெளிர் மஞ்சளாக ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறதே, அதில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து விரலால் அமுக்கிப் பாருங்கள். பஞ்சு மாதிரி நசுங்கி, பொடியாக உதிர்ந்தால் உங்களுக்கு அடித்தது ஃபோம் மட்டும்தான்.

பி.யு. என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள் விற்கிறார்கள். ஒன்று வேகமாகப் பொங்கும் ஃபோம். தண்ணீர் பட்டதும் சில நொடிகளில் பல மடங்கு பொங்கி, ஓடும் தண்ணீரை அந்த நிமிடமே நிறுத்தும். அதற்குத்தான் அது இருக்கிறது. ஆனால் அதன் உடம்பு முழுக்கக் காற்றுக் குமிழ். வருடக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்கும் பலம் அதற்கு இல்லை. அதிலும் தண்ணீரை உறிஞ்சி ஊதும் ரகம் என்றால் சித்திரை வெயிலில் சுவர் காயும்போது சுருங்கும். சென்னையில் ஆறு மாதம் நனைந்து ஆறு மாதம் காயும் சுவருக்கு அந்த ரகம் பொருந்தவே பொருந்தாது. இன்னொன்று, மெதுவாக இறுகும் பி.யு. ரெசின். இது குமிழ் விடாமல் கெட்டி ரப்பராக இறுகிச் சுவரின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும், சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கூடவே இழுபடும். ஓடும் தண்ணீரை ஃபோமால் நிறுத்திவிட்டு, பின்னாலேயே ரெசினை அடிப்பதுதான் முழு வேலை. முதல் பாதி முடிந்ததும் தண்ணீர் நின்றுவிடுகிறது, எல்லாருக்கும் சந்தோஷம், கணக்கு முடிந்து ஆள் கிளம்பிவிடுகிறார். இரண்டாவது பாதி நடப்பதே இல்லை. நான் பார்க்கப் போகும் பழைய கிரவுட்டிங்குகளில் திரும்ப ஒழுகுவதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டு அடி தள்ளிப் புதிதாக வருவதை வைத்து அவர்மேல் கோபப்பட வேண்டாம். ஒரு வழியை அடைத்தால் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடித் தண்ணீர் போகும். ஜாயின்ட் முழு நீளமும் ஒரே மாதிரிதான் போட்டிருப்பார்கள், எனவே ஒழுகும் மூன்று அடிக்கு மட்டும் அடிப்பது வேலைக்காகாது. ஒழுகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் சில மீட்டர் நீட்டி அடிக்க வேண்டும், ஒரு மழை பார்த்துவிட்டு இரண்டாம் சுற்றுக்கும் வர வேண்டும். இதை முதலிலேயே ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

எபாக்ஸி என்று சொன்னவருக்கு: எபாக்ஸி கல் மாதிரி இறுகும், கான்கிரீட்டைவிடப் பலமாகவே ஒட்டும். காய்ந்த தூணிலோ பீமிலோ விழுந்த விரிசலை ஒட்டவைத்துப் பலத்தை மீட்க அதற்கு ஈடு இல்லை. ஆனால் தண்ணீர் ஓடும் ஈர விரிசலில் சாதாரண எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும், வெயிலுக்கும் மழைக்கும் நகரும் ஜாயின்ட்டில் அது வளைந்து கொடுக்காது, பக்கத்திலேயே புது விரிசல் விழும். சிமென்ட் கிரவுட் மலிவு, ஹனிகோம்ப் போன்ற பெரிய பொந்துகளை நிரப்ப அதுதான் சரி. ஆனால் சாதாரண சிமென்ட்டின் பெரிய துகள் ஏறக்குறைய 0.1 மி.மீ. இருக்கும். 0.2 மி.மீ. விரிசலுக்குள் நுழைவதற்குள் துகள்கள் வாயிலேயே சேர்ந்து அடைத்துக்கொள்ளும், பம்ப்பின் முள் ஏறுவதைப் பார்த்து நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உங்கள் சுவருக்கு இரண்டும் தேவைப்படலாம்: பொந்து இருக்கும் இடத்தில் சுருங்காத சிமென்ட் கிரவுட், ஜாயின்ட்டில் பி.யு. எதை எங்கே என்பதைச் சுவரைத் தட்டிப் பார்க்காமல் போனில் சொல்பவரை நம்பாதீர்கள்.

வேலை நடக்கும்போது கமிட்டியிலிருந்து ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது. என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். துளையை ஜாயின்ட்டின் மேலேயே நேராகப் போடக் கூடாது. சுவர் 200 மி.மீ. தடிமன் என்றால், ஜாயின்ட்டிலிருந்து சுமார் 100 மி.மீ. தள்ளி, 45 டிகிரி சாய்வாகப் போட வேண்டும். அப்போதுதான் சுவரின் நடுவில் போய் ஜாயின்ட்டைக் குறுக்கே வெட்டும். துளைக்குத் துளை 150 முதல் 200 மி.மீ. இடைவெளி. கம்பி தட்டினால் முரட்டுத்தனமாக ஓட்டாமல் இடம் மாற்ற வேண்டும். துளைத்ததும் உள்ளே இருக்கும் தூளை ஊதி, தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் ஜாயின்ட் வழியாக வெளியே வந்தால் துளை சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை என்றால் அந்தத் துளையில் எத்தனை கிலோ கெமிக்கல் அடித்தாலும் வீண், வேறு துளை போடச் சொல்லுங்கள். இந்த ஒரு சோதனையைப் பலர் நேரம் மிச்சம் பிடிக்கத் தாண்டிவிடுகிறார்கள். அப்புறம் பேக்கரை, அதாவது கெமிக்கலை உள்ளே செலுத்தும் சிறு குழாயைச் செருகி முறுக்குவார்கள், அதன் ரப்பர் விரிந்து துளையை இறுக்கிப் பிடிக்கும். தலையில் இருப்பது வண்டிக்குக் கிரீஸ் அடிக்கும் அதே மாதிரி நிப்பிள். ஜாயின்ட்டுக்கு ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து வரிசையாக, நிமிர்ந்த விரிசலுக்குக் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். ஒன்றில் அடிக்கும்போது அடுத்த பேக்கரிலோ ஜாயின்ட்டின் வாயிலோ கெமிக்கல் எட்டிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அடுத்ததற்கு நகர வேண்டும்.

ஒரு பேக்கர் மட்டும் கெமிக்கலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது, எங்கும் வெளியே வரவில்லை என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பின்னால் பொந்து இருக்கிறது, அல்லது சுவரைத் தாண்டி மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. விலை உயர்ந்த பி.யு.வால் அந்தப் பொந்தை நிரப்பக் கூடாது. முதலில் சிமென்ட் கிரவுட், அது இறுகிய பிறகு பி.யு. அழுத்தத்திலும் கவனம் வேண்டும். இந்தப் பம்ப்புகளின் அழுத்தம் 200 பார் (bar) அளவுக்கு மேலும் போகும். குறைவாக ஆரம்பித்து நிதானமாக ஏற்ற வேண்டும், எடுத்த எடுப்பில் ஏற்றினால் பலவீனமான கான்கிரீட் சில்லாகத் தெறிக்கும். முடிந்ததும் பேக்கரைக் கழற்றி, துளையைச் சுருங்காத மார்ட்டரால் அடைக்க வேண்டும். உங்கள் படத்தில் இருப்பதைப் போல வெட்டிவிட்டு அப்படியே விடக் கூடாது, அந்த இரும்பு துருப்பிடித்தால் அதுவே ஒரு புது வழியாகிவிடும்.

எப்போது செய்வது? பலர் கோடையில் காய்ந்த பிறகு செய்யலாம் என்பார்கள். எபாக்ஸிக்கு அது சரி. பி.யு.வுக்கு மழை ஓய்ந்து, ஊற்று மெதுவாகி, ஆனால் இன்னும் ஈரம் தெரியும் நேரம்தான் வாகானது. தை மாதம் உங்களுக்குச் சரியாக வரும். வழி கண்ணுக்குத் தெரியும், ஃபோமுக்குத் தேவையான தண்ணீரும் இருக்கும். சித்திரையில் கூப்பிட்டால் காய்ந்த சுவரைப் பார்த்து எங்கே துளைப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இப்போதே, மழை பெய்யும்போதே, ஊறும் ஒவ்வொரு இடத்தையும் பெயின்ட்டால் குறித்து, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். எந்தப் புள்ளியில் முதலில் வருகிறது, மழை பெய்து எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்று வாட்ச்மேனைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். மழை பெய்த அரை மணியில் வந்தால் மேலே எங்கோ மழைநீர்க் குழாய் உடைந்து சுவரோரம் கொட்டுகிறது. இரண்டு மூன்று நாள் கழித்து மெதுவாக ஏறினால் நிலத்தடி நீர்.

இன்னொரு சோதனை: நீச்சல் குளத்துக்கு விற்கும் குளோரின் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, ஊறும் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். நிலத்தடி நீரில் குளோரின் இருக்காது. நிறம் மாறினால் அது குழாய்த் தண்ணீர். மெட்ரோ வாட்டர் இணைப்போ, சம்ப்புக்கு வரும் லைனோ ஒழுகுகிறது. அதை ஒரு ப்ளம்பர் சரிசெய்துவிடலாம், ஒரு பேக்கர் கூட வேண்டாம். அதோடு மொட்டைமாடி மழைநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் இடம் இல்லை என்று ரீசார்ஜ் கிணற்றை பேஸ்மென்ட் சுவரை ஒட்டியே போட்ட கட்டடங்கள் ஏராளம். உங்களுடையதும் அப்படி இருந்தால் கிணற்றை மூடாதீர்கள், மழைநீர் மண்ணுக்குள் போக வேண்டியதுதான். காம்பவுண்டின் மறு பக்கத்துக்குக் குழாயை நீட்டி அங்கே இறக்குங்கள். சுவரின் மேல் உள்ள அழுத்தம் குறைவதே பாதி வைத்தியம்.

மறுபடியும் சம்ப்புக்கு வருகிறேன். கான்கிரீட் தொட்டி என்பதால் உள்ளிருந்து பி.யு. அடிக்கலாம். (செங்கல் தொட்டியாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். பேக்கர் பிடிக்காது, செங்கல் பிளக்கும்.) முதலில் சேறு வாரிக் கழுவி, நிரப்பி, எல்லா வால்வையும் மூடி, 24 மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். தொட்டியின் உள்ளளவு 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் ஒவ்வொரு செ.மீ. இறக்கமும் 60 லிட்டர். வேலைக்குப் பிறகும் இதே மாதிரி அளந்தால்தான் நின்றதா இல்லையா என்று வாக்குவாதம் இல்லாமல் தெரியும். எந்த மட்டத்தில் இறக்கம் நிற்கிறதோ, விரிசல் அந்த மட்டத்தில்தான் இருக்கும். தரைக்கும் சுவருக்கும் இடையில் உள்ள மூலை, குழாய் நுழையும் ஓட்டை, இந்த இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்கள். அடித்து முடித்த பிறகு மூலைகளைச் சரிவாகப் பூசி, குடிநீர்த் தொட்டிக்கான கோட்டிங் போட வேண்டும்.

இங்கே கெமிக்கலின் தரத்தில் துளியும் சமரசம் கூடாது. இறுகிய பின் குடிநீரோடு தொடர்பில் இருக்கலாம் என்ற சான்று, என்.எஸ்.எஃப். 61 போன்றது, டின்னில் உள்ள அதே பொருளின் பெயருக்கு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அக்ரிலமைட் உள்ள ஜெல் எதையும் சம்ப்புக்கோ போர்வெல்லுக்கோ அருகில் விடாதீர்கள். 1997-ல் ஸ்வீடனில் ஹாலன்ட்ஸோஸ் ரயில் சுரங்கத்தில் கசிவை அடைக்க அப்படிப்பட்ட கிரவுட்டைப் பம்ப் செய்தார்கள். இறுகாத கெமிக்கல் நீரோடு கலந்து ஓடைக்குப் போனது. மீன்கள் செத்தன, அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகளுக்குக் கால்கள் செயலிழந்தன, தொழிலாளர்களுக்கு நரம்புப் பாதிப்பு வந்தது. வேலையை நிறுத்திவிட்டார்கள்.

தொட்டிக்குள் இறங்கும் ஆட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூடிக் கிடந்த சம்ப்பில் சுவாசிக்கக் காற்று இல்லாமல் போகும், சாக்கடை கசிந்திருந்தால் விஷ வாயுவும் இருக்கும். மெழுகுவர்த்தி கொளுத்திப் பார்ப்பது ஆபத்து. பம்ப் கழுவும் சால்வென்ட் ஆவி தீப்பிடிக்கும். மூடிகளை நன்றாகத் திறந்துவைத்து, புளோயர் போட்டு, வாயு அளக்கும் கருவியால் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். வேலை முடியும் வரை புளோயர் ஓட வேண்டும். இடுப்பில் கயிறு, மேலே கண்ணை எடுக்காமல் ஒரு ஆள். உள்ளே ஒருவர் மயங்கினால் பின்னாலேயே இன்னொருவர் குதிக்கக் கூடாது. டிரில் மெஷின் மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் ஓட வேண்டும். இறுகாத பி.யு.வின் ஆவி நுரையீரலைப் பாதிக்கும், அதனால் சரியான மாஸ்க், கண்ணாடி, கையுறை இல்லாதவரை இறக்காதீர்கள். இதற்கு ஆகும் செலவைக் கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போடச் சொல்லி, அதைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

கொட்டேஷன் கேட்கும்போது பேக்கருக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்காதீர்கள். துளை கூடக் கூட, கெமிக்கல் வீணாக வீணாக அவருக்கு லாபம் என்ற கணக்கு அது. ஜாயின்ட்டின் நீளத்தில் மீட்டருக்கு இவ்வளவு என்று விலை கேளுங்கள். ஃபோம், ரெசின் இரண்டின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், சீல் உடையாத டின்களை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். 20 சதவீதத்தை அடுத்த வடகிழக்குப் பருவமழை முடியும் வரை பிடித்துவைத்து, நடுவில் ஒழுகினால் இரண்டாம் சுற்று இலவசம் என்று எழுதிக்கொள்ளுங்கள். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் ஒத்துக்கொள்வார்.

கடைசியாக, உங்கள் ஐந்தாவது படம். மூலைத் தூணின் அடியில் செம்பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கிறதே, அது துருக்கறை. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது. அதன் மேல் கிரவுட்டிங் அடித்தால் தண்ணீர் நிற்கலாம், துரு நிற்காது. உடைந்த கான்கிரீட்டைக் கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் புதுக் கம்பி சேர்த்து மைக்ரோ கான்கிரீட் போட வேண்டியிருக்கும். அதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். கிரவுட்டிங் ஆளைக் கூப்பிடும் முன் அவரை அழைத்து வந்து அந்தத் தூணைக் காட்டுங்கள். ஊறும் தண்ணீர் கலங்கலாக, மணலோடு வருகிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அப்படி வந்தால் சுவருக்குப் பின்னால் மண் அரித்துக்கொண்டிருக்கிறது. தை வரை காத்திருக்காமல் இந்த வாரமே அவர் வந்து பார்த்தாக வேண்டும்.